ஆயிரமாவது ஆண்டு விழாவில் ஒரு வரவேற்புரை

ஒரு காட்டில் ஒரு பேரரசு இருந்தது. சாதாரணப் பேரரசு இல்லை. ஏழு மலையும் அதற்குச் சொந்தம். ஆயிரம் வருஷமாகச் சிங்கங்கள் ஆண்டுவந்தன. முதலில் வந்த சிங்கங்கள் சண்டை போட்டன. பிறகு வந்தவை, சண்டை போட்டவர்களுக்கு விழா எடுத்தன.

இப்போதைய சக்கரவர்த்தியின் வெள்ளி விழா அன்று மேற்கு மலை கைவிட்டுப் போனது. தகவல் சொல்ல வந்த குரங்கை, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் விழாவுக்கு ஒரு மலை என்று போய்க்கொண்டே இருந்தது. ஆயிரமாவது ஆண்டு விழா வந்தபோது மிச்சம் ஒரே மலை, ஒரு ஆறு, ஒரு மேடை. மேடை மட்டும் பிரமாதம், குறை சொல்ல முடியாது.

அந்த மேடைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தாள் பூவாத்தா என்ற கேளையாடு, அதாவது குரைக்கும் மான். எல்லைக் காவல் அவளுடையது. ஆபத்து வந்தால் குரைத்துச் சொல்ல வேண்டும். அவளும் தொண்டை வற்றக் குரைத்துத்தான் பார்த்தாள். குழாய் ஸ்பீக்கர் பாட்டில் யார் காதிலும் விழவில்லை.

"செந்நாய்க் கூட்டம் ஆத்தைத் தாண்டிருச்சுங்க. கரையோரப் புதர்ல என் ரெண்டு குட்டியும் ஒளிஞ்சு கெடக்கு. சீக்கிரம் படைய அனுப்புங்க!"

நிகழ்ச்சித் தொகுப்பாளர் மயில் அழைப்பிதழைப் புரட்டியது. "உங்க பேரு இதுல இல்லையேம்மா. சரி, நன்றியுரைக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் தர்றேன்."

"அதுக்குள்ள என் குட்டிங்கள தின்னுருமேய்யா!"

"படை எங்கம்மா சும்மா இருக்கு? பாதிப் பேர் அலங்கார வளைவைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க, விட்டா சாஞ்சிரும். மீதிப் பேர் நாற்காலி போடுறாங்க."

பூவாத்தா நேரே சக்கரவர்த்தியிடம் ஓடினாள். அவர் மேல் அத்தனை பொன்னாடை. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. "வாழ்த்த வந்தியாம்மா? சந்தோஷம், வரிசைல வா" என்றது மூக்கு.

மைக்கில் அமைச்சர் கரடி பேசிக்கொண்டிருந்தது. பேசியது என்ன, மேடையில் இருந்த எல்லோருக்கும் பெயர் பெயராக "அவர்களே" போட்டுக்கொண்டிருந்தது. பாதி நாற்காலிதான் முடிந்திருந்தது. கட்டையில போறவங்களா, உங்களை நம்பியா நான் ராத்திரி பகலா கண் முழிச்சேன் என்று பூவாத்தா வாய்விட்டே திட்டினாள். யாரும் கேட்கவில்லை.

அப்போது கரடி சோடா குடிக்கத் திரும்பியது. பூவாத்தா பாய்ந்து மைக்கைப் பிடித்தாள்.

"ஆற்றங்கரையில் காத்திருக்கும் நமது சிறப்பு விருந்தினர், மாவீரர் செவத்தான் அவர்களை, அவரது படையினர் அனைவரோடும் மேடைக்கு வந்து சிறப்பிக்குமாறு வருக வருக என வரவேற்கிறேன்!"

குழாய் ஸ்பீக்கர் ஆறு வரைக்கும் கேட்கும். அங்கே செந்நாய்த் தலைவன் செவத்தான், குட்டிகள் இருந்த புதருக்குள் மூக்கை விட்டிருந்தான். அப்படியே நின்றான். பிறந்ததிலிருந்து அவனைத் திருட்டு நாயே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். பெயரோடு "அவர்கள்" என்று சேர்த்து யாரும் சொன்னதில்லை. வாலைத் துடைத்துக்கொண்டான். ஒரு நாயையும் விட்டுவைக்காமல் மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

மேடையில் யாரும் பதறவில்லை. அழைப்பிதழ் வரிசைப்படி கூப்பிடவில்லை என்று மயிலுக்கு மட்டும் வருத்தம். சக்கரவர்த்தி எழுந்து தன் பொன்னாடையில் ஒன்றை உருவிச் செவத்தானுக்குப் போர்த்தினார். செவத்தான் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றான். சக்கரவர்த்தி தள்ளி உட்கார்ந்தார். ஆயிரம் வருஷப் பேரரசு விழுந்தது அவ்வளவுதான். கைதட்டல் பலமாக இருந்தது.

பூவாத்தா இறங்கி ஓடும் வழியில் முன்வரிசை முயலின் காதைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிச்சு வாடி, ஓடிரலாம்!"

"அட இருங்கக்கா, சாப்பாட்டுக்கு டோக்கன் குடுத்திருக்காங்க."

"சாப்பாடே நீதான்டி!"

முயல் கேட்கவில்லை. கரடி மறுபடி மைக்கைப் பிடித்திருந்தது. புது விருந்தாளிகள் வந்துவிட்டதால் "அவர்களே" முதலிலிருந்து தொடங்கியது. செந்நாய்கள் ஒவ்வொன்றும் தன் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

புதரில் இரண்டு குட்டிகளும் பத்திரமாக இருந்தன. பூவாத்தா அவற்றை நக்கி நக்கி அழுதாள். பிறகு மலையேற விரட்டினாள். பாதி மலையில் ஒரு சுனையைப் பார்த்துச் சின்னக்குட்டி தண்ணீர் கேட்டது. நிற்கலாமா என்று பயந்து அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே ஸ்பீக்கரில் கரடியின் குரல் கேட்டது: "இறுதியாக, ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லி..."

"அவசரமில்லை சாமி" என்றாள் பூவாத்தா. "மெதுவா, வயிறு நிறையக் குடி."

நீதி: நாட்டைக் காப்பாற்ற ஆள் கிடைக்காவிட்டால், எதிரிக்கு நல்லதாக ஒரு வரவேற்புரை சொல்லிவிட்டு, நன்றியுரைக்கு முன்பே பிள்ளைகளோடு கிளம்பிவிட வேண்டும்.