பத்து நாள் லீவும் பங்கு பிரித்தவர் பாடும்

கட்டின மனைவியை வைத்தே ஆராய்ச்சி செய்வது என்று அந்த ஆய்வாளர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புத்தியுள்ள எவனும் செய்யாத காரியம்.

ஆனால் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பிழைப்பே இதுதான். மனுஷர்கள் லாப நஷ்டத்தை எப்படி எடை போடுகிறார்கள், பட்டுப் பட்டு எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று மாணவர்களைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து விளையாடவிட்டுப் பார்ப்பார். இருநூறு பேரை அளந்தவருக்கு ஒருத்தி எம்மாத்திரம்?

விவகாரம், அவருக்குச் சேர்ந்திருந்த பத்து நாள் லீவு. வீட்டில் கால் நீட்டிப் படுக்க அவருக்கு ஆசை. அவரையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போக அவளுக்கு ஆசை.

நோட்டும் பேனாவுமாகச் சமையலறைக்குப் போனார்.

"ஒரு விளையாட்டு. பத்து நாளை நான் பங்கு பிரிப்பேன். நீ சரின்னா சரி. வேணாம்னா ரெண்டு பேருக்குமே லீவு கிடையாது. எனக்கு எட்டு, உங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு."

"வேணாம்."

"யோசிச்சுச் சொல்லு! அந்த ரெண்டும் போயிடும்."

"போகட்டும். நாளைக்கு வேலைக்குக் கிளம்புங்க. சாப்பாடு கட்டித் தரேன்."

ஆய்வாளர் நோட்டில் எழுதியதை அவசரமாக அடித்தார். "இது... ஒத்திகைதான்."

ஏழுக்கு மூன்று என்றார். வேணாம். அதுவும் ஒத்திகையாயிற்று.

"சரி, ஆளுக்கு அஞ்சு!"

சரிபாதியை வேண்டாமென்றவர் அந்த இருநூறில் ஒருவர்கூட இல்லை.

"வேணாம்," என்றாள், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோளாறு கண்ணிலா, கணக்கிலா? ஒன்றும் விளங்கவில்லை. ஆய்வு அவருடைய ஓய்வைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, பாதிக்குப் பாதிகூடவா கசக்குது?"

"நான் வேணாம்னு சொல்லச் சொல்ல நீங்கதானே ஏத்திக்கிட்டே போறீங்க?"

நோட்டில் 'கற்றுக்கொண்டவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரை எழுதுவது? பேனா அந்தரத்தில் நின்றது.

"எனக்கு ஒண்ணு, உனக்கு ஒன்பது! இதுக்கு மேல என்னால முடியாது!"

"சரி."

பட்டென்று வந்த பதிலில் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் ஒரு நாள் மிஞ்சியதே!

"அந்த ஒரு நாள் என்னை யாரும் எழுப்பக் கூடாது, ஆமா!"

"நல்லா இருக்கே! அக்கா குடும்பம் மொத்தமும் நம்மகூடவே திரும்பி வருது, அவங்களுக்கு அறை ஒழிச்சுத் தர ஒரு நாளாவது வேணாமா?"