ஜாடியில் என் ஜாடை

சான் இல்தெஃபோன்சோ,
மார்ச் மாதம், வெக்கை தாங்காத ஒரு செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய எர்மெலிந்தா அக்காவுக்குத் தம்பி சத்தூர்னீனோ பணிவுடன் எழுதிக்கொண்டது.

லீமாவில் நீயும் அத்தானும் கடவுள் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்றும், உன் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்றும், அத்தான் உப்பைக் குறைத்திருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி ஒப்துலியா நலம். மருந்துக்கடையும் நலம். நான் யார் என்பதில்தான் கொஞ்சம் குழப்பம் வந்திருக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? என்னைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நீ ஒருத்திதான் பாக்கி.

சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நான் நிற்பது உனக்குத் தெரியும். எதிரே நிற்பவன் வாத்து வியாபாரி போர்ஃபீரியோ எஃபியோ. போட்டி சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டு மின்விசிறி கெட்டுப்போனது. "மியூசியத்துல வியாழக்கிழமை தோறும் யாரோ பேசறாங்களாம், ஏ.சி. இருக்காம், காப்பியும் தர்றாங்களாம், அங்க போய் உக்காருங்க, இங்க உக்காந்து மூச்சு விடாதீங்க"ன்னு ஒப்துலியா துரத்திவிட்டாள். போனேன். பழங்காலத்து மண்ஜாடிகளின் கண்காட்சி. எல்லா ஜாடியும் மனுஷன் மாதிரியே செய்தது, பெரும்பாலும் தலை மட்டும், மேலே ஒரு கைப்பிடி. லீமாவிலிருந்து வந்த டாக்டர் லுத்மிலா அர்ராஸ்குவே என்ற அம்மா மேடையில் பேசினார். டாக்டர் என்றதும் நான் மூட்டுவலிக்கு எது நல்லது என்று கேட்க ஒரு கேள்வி தயார் செய்துவைத்திருந்தேன், ஆனால் இவர் அந்த டாக்டர் இல்லையாம். சரி, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கண்ணை மூடினேன். திடீரென்று கூட்டத்தில் ஒரே சத்தம். கண்ணைத் திறந்தால் எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள், அப்புறம் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், மறுபடியும் திரையைப் பார்க்கிறார்கள். தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் ரோசேந்தா எழுந்து நின்று, "ஐயையோ, இது நம்ம மருந்துக்கடைக்காரரேதான்!" என்று கத்தினாள்.

அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அது நான்தான். அதே மூக்கு, அதே கன்னம், இடது புருவம் கொஞ்சம் ஏறினாற்போல. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய ஜாடி! டாக்டரம்மா மேடையிலிருந்து ஓடிவந்து என் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார், சந்தையில் முலாம்பழம் வாங்குகிற மாதிரி. "இவர் பெரிய தலைவர், போர்வீரர், தலைப்பாகையைப் பாருங்க, காதணியைப் பாருங்க" என்றார். என்னிடம் ரெண்டும் இல்லை, ஆனாலும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து மியூசியம் வாசலிலேயே மாட்டிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து கடையில் கூட்டம் நெரிந்தது. மருந்து வாங்க இல்லை, மூக்கைப் பார்க்க. என் கட்சிக்காரப் பையன்கள் உடனே சுவரொட்டி அடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் ஜாடி, ஒரு பக்கம் நான், நடுவில் பெரிய எழுத்தில்: "அன்றும் இவரே தலைவர், இன்றும் இவரே தலைவர்." போர்ஃபீரியோ வாத்துக்கூண்டுக்குப் பின்னால் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நானும் மனுஷன்தானே, நடையே மாறிவிட்டது. ஒப்துலியாதான் மாறவில்லை. "ராஜாவே, குப்பைக் கூடை நிரம்பிருச்சு" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை ரெண்டாவது பேச்சு. நான் சும்மா போயிருக்கலாம். பாதிச் சந்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபெர்ரெஞாஃபே ஊரிலிருந்து ஒப்துலியாவின் அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு வந்தார்கள், பேச்சு முடிந்ததும் சாப்பிட வாத்துக்கறிச் சோற்றுப் பானையும் தூக்கிக்கொண்டு. முதல் வரிசை முழுக்க நாங்கள்தான். டாக்டரம்மா முதல் ஜாடியைக் காட்டினார், கைதட்டல். ரெண்டாவது ஜாடியைக் காட்டினார், அதே ஆள், கொஞ்சம் வயசானவர், இன்னும் பெரிய தலைப்பாகை, நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டேன். "இதே மனிதரின் கடைசி உருவம்" என்று மூன்றாவதைக் காட்டினார் பார், அதில் தலைப்பாகை இல்லை, காதணி இல்லை, துணியே இல்லை! கை ரெண்டும் பின்னால் கட்டி, கழுத்தில் கயிறு. முகம் மட்டும் அச்சு அசல் என் முகம். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

பின் வரிசையிலிருந்து போர்ஃபீரியோவின் குரல், தேன் ஒழுக: "டாக்டரம்மா, அப்புறம் அவரை என்ன பண்ணினாங்க?"

"போரில் தோற்றதால் பலி கொடுத்தார்கள். கழுத்தை அறுத்து."

"அது தேர்தலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அக்கா, அந்தச் சிரிப்பு ஃபெர்ரெஞாஃபே வரைக்கும் கேட்டிருக்கும். ஒப்துலியாவின் தம்பிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. நீயே சொல்லு, ஒரு மனுஷன் எப்போ உட்காரணும்னு யாராவது சொல்ல வேண்டாமா?

அதற்கப்புறம் கடைக்கு வருகிறவன் எல்லாம் "கழுத்து வலிக்கு ஏதாவது இருக்கா"ன்னுதான் கேக்கறான். மியூசியத்தில் பிள்ளைகளுக்குக் களிமண் வகுப்பு வேற. அத்தனை பிள்ளைகளும் என் தலையைப் பண்ணி, நூலால் கழுத்தைக் கட்டி, கடை முன்னால கொண்டு வந்து காட்டுதுங்க. "அங்கிள், நீங்க சூளையில வெடிச்சுட்டீங்க"ன்னு ஒரு பொண்ணு அழுதுகிட்டே வந்தா. நான் அவளைச் சமாதானப்படுத்தறதா, என்னைச் சமாதானப்படுத்தறதா?

மூன்றாவது பேச்சுக்குப் போகவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் த்ருகீயோ நகரத்திலிருந்து பேராசிரியர் பால்தசார் என்று வேறொருவர் பேசுகிறார், டாக்டரம்மா சொன்னது எல்லாம் தப்பு என்கிறார் என்று கேள்விப்பட்டதும் கால் நிற்கவில்லை. அவர் சொன்னார், மூன்றும் ஒரே ஆள் இல்லையாம், முதல் ரெண்டுக்கும் உதட்டில் தழும்பு உண்டாம், மூன்றாவதற்கு இல்லையாம். டாக்டரம்மா எழுந்து, அது தழும்பு இல்லை, ஜாடியில் விழுந்த கீறல் என்றார். "ஆளே இங்க இருக்கார், பாத்துருவோம்" என்று இருவரும் என்னை மேடையில் ஏற்றி, ஒருவர் மூக்கைப் பிடிக்க, ஒருவர் காதைப் பிடிக்க, நடுவில் நான் "எனக்குத் தழும்பு ஷேவ் பண்ணும்போது வந்தது" என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தோற்றவனா, ஜெயித்தவனா, ரெண்டு பேரா, ஒருத்தனா, ஒன்றும் முடிவாகவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகையால் அக்கா, நான் தீர்மானித்துவிட்டேன். தேர்தலிலிருந்து விலகுவதாகக் காகிதம் எழுதியாயிற்று. கடையை ஒப்துலியாவின் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, உன் வீட்டுப் பின்னறையில் வந்து இருந்துகொள்கிறோம். லீமாவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று நீதானே சொல்வாய். அறையில் இருக்கும் அத்தானின் பழைய சைக்கிள்களை நகர்த்தி வை. ஒரு கட்டில் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் காலடியில் தலையை வைத்து ஆசி கேட்கும், எந்தத் தலை என்றுதான் தெரியாத, உன் அருமைத் தம்பி,

சத்தூர்னீனோ யோந்தோப்

பி.கு: சைக்கிள்களை நகர்த்தாதே. நாங்கள் வரவில்லை. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வாசலில் மாட்டியிருக்கும் என் படத்தையாவது கழற்றச் சொல்லலாம் என்று மியூசியத்துக்குப் போனேன். உள்ளே ஒரே ஒரு ஆள். போர்ஃபீரியோ. மூன்றாவது ஜாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, எல்லா அலமாரியும் பாத்துட்டேன், என் ஜாடையில ஒண்ணுகூட இல்ல" என்றான். குரலில் கேலி இல்லை அக்கா. அப்புறம் சொன்னான், "இதுவும் நீங்க இல்லண்ணே. நல்லாப் பாருங்க. இது உங்க அப்பா."

பார்த்தேன். ஆறு ஊருக்குள் வந்த வருஷம், கடை போய், சாமான் போய், இடுப்பளவு தண்ணியில வாசல்ல நின்னாரே, அந்த முகம். கையைக் கட்டிப்போட்டிருக்காங்க, கழுத்துல கயிறு, ஆனா தலை குனியல. அந்த வெள்ளத்தில் அவர் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை இல்லையா? இத்தனை வருஷமாகக் கண்ணை மூடினால் அவர் சட்டைதான் தெரிகிறது எனக்கு, முகம் தெரிவதில்லை. வெளியே வந்ததும் போர்ஃபீரியோ, "ஞாயித்துக்கிழமை தேர்தல்ல உங்களைத் தோக்கடிப்பேன், ஆனா கழுத்தைப் பத்திப் பேச மாட்டேன்" என்றான். விலகல் காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். நிற்கிறேன்.

நீதான் வரணும். முழங்கால் எப்படி இருந்தாலும் சரி, பஸ் ஏறு. கண்காட்சி மாதக் கடைசி வரைதான். ஒன்று மட்டும், அக்கா, வரும்போது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வா, டாக்டரம்மா கண்ணில் பட்டுவிடாதே. இன்னும் ரெண்டு பெட்டி ஜாடி பிரிக்காமல் இருக்கிறதாம்.