மயிலாத்தா வாங்கிய பழைய டிராக்டர்

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தது. பெயர் மயிலாத்தா. நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிற வழக்கம் அந்தக் காட்டில் கிடையாது. அதனால் யாரும் சிரிக்க வேண்டாம்.

மயிலாத்தாவுக்கு மேட்டுச் சரிவில் இரண்டு ஏக்கர் பூமி இருந்தது. பதினெட்டு வருஷம் கண்டவர் நிலத்தையெல்லாம் உழுது, முட்டி தேய்ந்து, கடைசியில் கிடைத்த பூமி. "இனி செத்தாலும் நான் ஏர் இழுக்க மாட்டேன்" என்று அது சபதம் போட்டிருந்தது. நியாயமான சபதம்தான். ஆனால் அந்த வருஷம் பார்த்து ராஜா சிங்கம் ஒரு சட்டம் போட்டுவிட்டது. ஆடி மாதம் முடிவதற்குள் ஒரு நிலத்தைக் கடைசியாக யார் உழுகிறாரோ, அவர் பெயருக்கே பட்டா. யாருமே உழாத நிலம் கீழ்நிலத்துக்காரருக்குப் போகும். சிங்கம் விதைக்காது, அறுக்காது, கீரை கூடத் தின்னாது. அதனால்தான் விவசாயச் சட்டமெல்லாம் அதுவே போடுகிறது.

மயிலாத்தாவுக்குக் கீழ்நிலம் ஐந்து ஏக்கர் வயல். சொந்தக்காரர் கொக்கு வெள்ளிங்கிரி. பழைய டிராக்டர் வாங்கி விற்பது அவருக்குத் தொழில். இந்த இடத்தில் நரி வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். வராது. ஏமாற்றுகிறவன் நரி என்று தெரிந்தால் எவன் போய் ஏமாறுவான்? கொக்குக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பேசும்போது பாதிக் கண் மூடியிருக்கும். ஆளைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றும்.

மயிலாத்தாவும் கும்பிட்டுவிட்டுத்தான் கேட்டது. "ஏனுங்க, இந்த வண்டி நல்லா ஓடுமுங்களா?"

"ஓடுமான்னா கேக்கறீங்க அம்மணி? ஒருக்கா கெளம்பிட்டா நிக்கவே நிக்காதுங்க."

"உழவு எப்படிங்க?"

"கலப்பை மண்ணுல எறங்குச்சுன்னா அப்புறம் மேல ஏறாதுங்க. அவ்வளவு பிடிமானம்."

"முன்னால யாருங்க வெச்சிருந்தாங்க?"

"காட்டுப்பன்னி ராக்கியண்ணனுங்க. சிங்கிள் ஓனர். கடைசி வரைக்கும் வண்டிய ஒரு குறை சொன்னதில்லீங்க."

"அவரு இப்ப எங்கீங்க இருக்காரு?"

கொக்கு அலகை வானத்துப் பக்கம் தூக்கியது. "மேல இருக்காருங்க."

"அடடா, மலை மேலயா? அங்க குளிருமே" என்று எருமை வருத்தப்பட்டது.

கவனியுங்கள், கொக்கு இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய் சொல்லி விற்பதெல்லாம் தொழில் தெரியாதவன் செய்கிற வேலை.

மயிலாத்தா ஒரு வருஷத்துப் பாலையும் கழுத்து வெண்கல மணியையும் கொடுத்து வண்டியை வாங்கியது. அன்றைக்கே பூஜை. மாலை, சந்தனம், சூடம், முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்க நாலு குரங்குகள் வண்டியைப் பின்னால் இருந்து தள்ளின.

"எதுக்குங்க தள்றாங்க?"

"பூஜையன்னைக்கு இஞ்சினைத் தொடக் கூடாதுங்க. ஐதீகம்."

ஐதீகம் என்று சொல்லிவிட்டால் எருமை மறுபேச்சுப் பேசாது. 'இந்த வண்டியில் எந்தக் குறையும் இல்லை' என்று எழுதிய பத்திரத்தில் கொக்கு கையெழுத்துப் போட்டது, எருமை குளம்பை வைத்தது. வாடகை யானை ஒன்று வண்டியை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டது. இஞ்சின் உள்ள வண்டிக்கு யானை எதற்கு என்று நான் கேட்பேன், நீங்களும் கேட்பீர்கள். ஆசைப்பட்டு வாங்கினவருக்குத் தோன்றாது.

மறுநாள் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் பத்து சென்ட் கீரைப் பாத்தி வைத்திருந்த முயல் தம்பிராசு ஓடிவந்து, வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தது. காதெல்லாம் ஆயிலோடு வெளியே வந்தது.

"அக்கா, பேட்டரிப் பெட்டியில பேட்டரி இல்லீங்க. கறுப்புப் பெயிண்ட் அடிச்ச செங்கல்லு இருக்குதுங்க. ரேடியேட்டர் ஓட்டைய சோப்பு வெச்சு அடைச்சிருக்காங்க. ஸ்டியரிங் எடது பக்கம் மட்டுந்தான் திரும்புது. பிரேக்கு இருக்குதான்னு தேடினேன். பெடல் இருக்குது, பிரேக்கு இல்லீங்கக்கா."

எருமை நொண்டிக்கொண்டே கொக்கிடம் ஓடியது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று கேட்டுக்கொண்டது.

"பூஜை போட்ட வண்டியத் திருப்பி எடுத்தா சாமி குத்தமாயிருமுங்க அம்மணி."

"பேட்டரிக்குப் பதிலா செங்கல்லு வெச்சிருக்கீங்களே, இது அடுக்குமுங்களா?"

"பேட்டரின்னா சார்ஜ் எறங்கும். செங்கல்லுக்கு அந்தத் தொந்தரவே இல்லீங்களே!"

எருமை திரும்பி நடந்தது. அங்கிருந்து நேரே சிங்கத்தின் குறைதீர்க்கும் ஆபீசுக்குப் போனது. ஆபீஸ் பகல் பத்து மணி முதல் ஐந்து மணி வரை. அதிகாரி ஓர் ஆந்தை. எழுப்பவே மதியம் ஆகிவிட்டது.

ஆந்தை படிவத்தைப் பார்த்தது. "மறைஞ்சிருந்த குறைக்கான மனுவா? எங்க மறைஞ்சிருக்கு?"

"வண்டிக்குள்ளீங்க, சாமி."

"இப்ப தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"தெரிஞ்சா அது எப்படிம்மா மறைஞ்ச குறை ஆகும்? தெரியற குறைக்கு அடுத்த சன்னல்."

எருமை அடுத்த சன்னலுக்குப் போனது. ஆந்தையே எழுந்து வந்து அங்கேயும் உட்கார்ந்தது.

"தெரியற குறையா? வாங்கும்போதே பாத்திருக்க வேண்டியதுதானே?"

"அப்ப மறைஞ்சிருந்துச்சுங்களே!"

"அப்ப நீ அந்தச் சன்னலுக்கில்ல போகணும்?"

இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை எருமை முட்டி வலி தாங்காமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டது. எந்தச் சன்னலிலும் ஆள் இல்லை என்று ஆந்தை மனுவை முடித்துவைத்தது. 'குறை நிரூபிக்கப்படவில்லை. வண்டி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, சிங்கத்தின் முத்திரையைக் குத்தி, எருமையின் கையிலேயே கொடுத்தது.

ஆடி கடைசித் தேதி வந்துவிட்டது. பூமி கட்டாந்தரையாகக் கிடந்தது. எருமை வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து விக்கி விக்கி அழுதது. "பதினெட்டு வருஷம் இழுத்தேனே தம்பி. ஒரு வருஷம் இழுக்காம சாப்பிடணும்னு நெனச்சேன், அது தப்பா? நாளைக்கு எம் பூமி அந்தக் கொக்கு பேருக்குப் போயிருமே!"

முயலுக்கு மனசு கேட்கவில்லை. "அழுவாதீங்கக்கா. டீசல் வண்டிக்கு பேட்டரி எதுக்கு? சரிவுலதானே நிக்குது, தள்ளுனா ஸ்டார்ட் ஆயிரும். நான் பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டியாறேன்."

வந்தார்கள். பதின்மூன்று முயல்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளின. வண்டி இரண்டு முறை இருமியது, புகை கக்கியது, கிளம்பியது. எருமை கலப்பையை இறக்கியது. மண் புரண்டது. அப்பப்பா, என்ன சந்தோஷம்! எருமை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தன் இரண்டு ஏக்கரையும் உழுது முடித்தது. கதை இங்கே முடிந்திருந்தால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சேர்க்கலாம்.

எருமை பிரேக்கை மிதித்தது. பெடல் கழன்று கீழே விழுந்தது. கிளட்சை மிதித்தது. குளம்பு தரையைத் தொட்டது. இஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தது. குமிழ் கையோடு வந்துவிட்டது. கலப்பையைத் தூக்கப் பார்த்தது. கொக்கு சொன்னபடியே அது ஏறவில்லை. திருப்பலாம் என்றால் இடதுபக்கம் மட்டும்தான் திரும்பும். இடதுபக்கம் தம்பிராசுவின் கீரை.

"அக்கா! அக்கா! எங்கீரைங்கக்கா!"

"நான் என்ன பண்ணுவேன் தம்பி, நிக்க மாட்டேங்குதே!"

வண்டி கீரையை உழுதது. வட்டம் போட்டுச் சரிவில் இறங்கிக் கொக்கின் வயலை உழுதது. நட்டு வைத்திருந்த நாற்றோடு சேர்த்து ஐந்து ஏக்கரையும் உழுதது. டீசல் தீர்ந்துபோய்ச் சேற்றில் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆடியும் முடிந்திருந்தது.

விடிந்ததும் ஆந்தை டேப்போடு வந்தது. அளந்தது. கொட்டாவி விட்டது. "ரெண்டு ஏக்கர், பத்து சென்ட், அஞ்சு ஏக்கர். மூணையும் கடைசியா உழுதது மயிலாத்தா. பட்டா அந்தம்மா பேருக்கு."

கொக்கு இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தது. "அநியாயமுங்க! அது பிரேக் இல்லாத வண்டிங்க! தறிகெட்டு ஓடுனதெல்லாம் உழவுங்களா?"

ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. "எந்தக் குறையும் இல்லைன்னு பத்திரத்துல இருக்கே, உங்க கையெழுத்துதானே? பிரேக் இல்லைன்னா அது பொய்ப் பத்திரம். பொய்ப் பத்திரத்துக்கு எறகைப் பிடுங்கணும்னு சட்டம். எழுதிக்கட்டுமா?"

கொக்கு தன் வெள்ளை இறகுகளை ஒருமுறை பார்த்தது. "தங்கமான வண்டிங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

அப்போது முயல் முன்னால் வந்தது. "சாமி, அக்காவையே கேளுங்க. பிரேக்கு இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும். வேணும்னு உழுவலை, தானா ஓடிருச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. ஏனுங்கக்கா, சொல்லுங்கக்கா."

ஆந்தை எருமையைப் பார்த்தது. "தானா ஓடுனதுன்னா அது உழவே இல்லை. கீரைப் பாத்தி முயலுக்கு, வயல் கொக்குக்கு. உன் ரெண்டு ஏக்கரும் உழாத நிலம், அதுவும் கொக்குக்கு. சொல்லும்மா, பிரேக் இருந்துதா இல்லையா?"

எருமை தன் பூமியைப் பார்த்தது. முயலைப் பார்த்தது. முயலின் காதில் இன்னும் ஆயில் காயவில்லை. எருமைக்குக் கண்ணில் நீர் முட்டியது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதது. அழுதுகொண்டே, "பிரேக்கு நல்லாத்தான் புடிச்சுதுங்க சாமி" என்றது.

ஆந்தை முத்திரை குத்திவிட்டுத் தூங்கப் போனது.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத தம்பி" என்றது எருமை. "பட்டாவுல பேரு விழுந்திருச்சு, இனி என்ன பண்றது? நீ என்ன வேத்தாளா? அந்தப் பாத்தியிலயே கீரை போட்டுக்க. வெளையறதுல பாதி எனக்குக் குடுத்தாப் போதும்."

முயல் தலையாட்டியது. வேறு என்ன செய்யும்? வீட்டில் பதினோரு பிள்ளைகள் காத்திருந்தன.

நீதி: பழைய வண்டி வாங்கும்போது பிரேக் இருக்கிறதா என்று பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். சரிவில் யார் யார் நிலம் இருக்கிறது என்று பாருங்கள். தள்ளிவிட மட்டும் ஒரு நல்ல மனசுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.