மலைக்கோட்டையில் நான் ஆற்றிய உரை

என்னிடம் பொய் சொல்வது எங்கள் வீட்டில் ஒரு குடும்பத் தொழில். அம்மா தொடங்கி வைப்பார், சித்தி வளர்த்தெடுப்பார், அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து ஆதரவு தருவார். கடைசியில் ‘கோபக்காரி’ என்ற பட்டம் எனக்கு மட்டும் கிடைக்கும். பொய் சொன்னவர்களுக்கு ஒரு பட்டமும் கிடையாது. (இதை எழுதும்போதே கோபம் வருகிறது. பரவாயில்லை, அதோடேயே எழுதுகிறேன்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் பிளாட். கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. மற்றவர்களின் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திறமை வீட்டில் எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை.

எங்கள் ஹோல் மிகச் சிறியது. பெண் பார்க்க வருபவர்களில் கடைசி ஆள் பிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நான் பலகாரத் தட்டோடு வந்தால் முழங்கால்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வர வேண்டும். அப்படி வந்த ஒரு கனடா மாமா, “பிள்ளை, ஒருக்கா பல்கனி மட்டும் நடந்து போட்டு வாரும் பாப்பம்” என்றார். நான் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி யாரும் என்னைப் பார்க்க வரக்கூடாது என்று உள்ளே இருந்தே அறிவித்தேன். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார்.

“இனி உன்னைப் பாக்க ஒருத்தரும் இந்த வீட்டுக்கு வராயினம்.”

‘இந்த வீட்டுக்கு’ என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. கணக்காய்வாளராம்!

கொஞ்ச நாள் கழித்துத் தெஹிவளையில் இருந்து சித்தி வந்தார். குருநாகலுக்கு அங்கால ஒரு மலைக்கோட்டை இருக்கிறதாம். எதிரிக்குப் பயந்த ஒரு ராசா பாறைக்கு மேலே கட்டியதாம். இப்போது அது மியூசியமாம். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு எல்லோரும் வாடகை வான் பிடித்துப் போவோமாம். சித்திக்கு அதுவரை சரித்திரம் என்றால் டிவி நாடகத்தில் போன கிழமை நடந்தது மட்டும்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

புறப்படும் காலையிலேயே சண்டை. அம்மா பச்சைச் சேலை ஒன்றை ஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

“மலை ஏற ஆரம்மா சேலை கட்டுவினம்?”

“படம் எடுக்க வடிவாயிருக்கும் பிள்ளை.”

நான் ஜீன்ஸும், அலுவலகக் கிரிக்கெட் போட்டியில் கொடுத்த மஞ்சள் ரீ-ஷேர்ட்டும் போட்டுக்கொண்டு வானில் ஏறினேன். களனிப் பாலம் தாண்டும் வரை அம்மா யன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். ஒரு சேலைக்காக இவ்வளவு அழுகையா என்று எரிச்சல்பட்டேன்.

கோட்டை அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் குடை பிடித்த அம்மா ஒருவரும், உயரமான இளைஞர் ஒருவரும் நின்றார்கள். சித்தி வானில் இருந்து இறங்கியதுமே கைகளை விரித்தார்.

“ஐயோ, மகேஸ் அக்கா! நீங்களும் இங்கையோ! எப்ப நோர்வேயிலை இருந்து வந்தனீங்கள்?”

நடிப்பு அவ்வளவு மோசம். பக்கத்தில் கடலை விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் மட்டும் நம்பினேன். ‘பாவம், சித்திக்குச் சிநேகிதியைக் கண்ட சந்தோஷம்’ என்று.

மகேஸ் அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “பிள்ளைக்குக் கண் பார்வை எப்பிடி? இரவிலை இருமல் கிருமல் ஏதும்?” டொக்டராக இருப்பாரோ என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். (அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.) பிறகு சித்தி சொன்னார், “எங்களுக்கு முழங்கால் ஏலாது. சின்னாக்கள் ரெண்டு பேரும் ஏறிப் பாத்திட்டு வாங்கோ.”

அந்தப் படிகளைக் கட்டிய ராசா எதிரி மேலே வரக்கூடாது என்று மட்டும் நினைக்கவில்லை, யாருமே வரக்கூடாது என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்த இளைஞர் மகேஸ் அன்ரியின் மகன், பெயர் குகன். ஒஸ்லோவில் கம்பியூட்டர் வேலை. பாதி வழியில் ஒருமுறை கீழே திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். படியில் குந்திவிட்டார். பக்கத்தில் இருந்த கல் சிங்கத்தின் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“என்ன, நோர்வேயிலை மலை இல்லையோ?” என்றேன்.

“இருக்கு. நான் ஏறுறேல்லை.” முகமெல்லாம் வேர்வை. “நீங்கள் போங்கோ. நீங்கள் உச்சி மட்டும் ஏறினாத்தான் அம்மாவுக்குத் திருப்தி.”

“உங்கட அம்மாவுக்கு என்ன திருப்தி?”

பயத்தில் இருப்பவர்கள் உண்மையை மறைக்க மாட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அண்ணிக்கு மூச்சு இழுக்கும் தொய்வு வருத்தம் இருந்தது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்ததாம். அதனால் இந்த முறை பெண்ணை மலை ஏற்றிப் பார்த்துத்தான் சம்மதம் சொல்வது என்று அம்மா முடிவெடுத்தாராம். இடத்தைத் தெரிவு செய்து கொடுத்தது என் சித்தியாம்.

“நீங்களும் தெரிஞ்சுதான் வந்தனீங்களோ?”

“ஓம். ஆனா உங்களுக்கும் சொல்லிப்போட்டினம் எண்டெல்லோ நினைச்சன்.”

நான் கீழே பார்த்தேன். குடை. அதற்குப் பக்கத்தில் அம்மா, சித்தி, அப்பா. நாலு முகங்களும் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மாடு வாங்குபவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு விட்டுவிடுவார். மலையில் ஏற்றிப் பார்க்க மாட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. குகனைச் சிங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு இறங்கினேன்.

நான் இறங்கும் வேகத்தைக் கண்டதும் நால்வரும் அவசர அவசரமாக மியூசியத்துக்குள் புகுந்தார்கள். வெயிலுக்காக என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். உள்ளே வாள்கள், காசுகள், உடைந்த சட்டிகள். அவர்கள் கடைசி மண்டபத்தின் மூலையில், ஒரு கண்ணாடிப் பெட்டியை உற்றுப் பார்ப்பதுபோல் நின்றார்கள். பெட்டி வெறுமையாக இருந்தது.

படி இறங்கியதில் என் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. மண்டபத்தின் நடுவே, தாழ்ந்த மேடையில், பூவேலை செய்த அகலமான கல் ஒன்று இருந்தது. அதில் தொப்பென்று இருந்தேன். இருந்துகொண்டு தொடங்கினேன்.

“நான் என்ன சந்தையிலை நிக்கிற மாடோ? என்னைப் பாக்க வேணுமெண்டால் என்னட்டைக் கேளுங்கோ! என்ரை மூச்சு என்ரை நெஞ்சுக்குள்ளை இருக்கு, அதை அளக்க நீங்கள் ஆர்? அம்மா, சாமிக்கு முன்னாலை சத்தியம் பண்ணினனீங்கள்! பொம்பிளைக்கு மானம் எண்டு ஒண்டு இல்லையோ?”

மண்டபம் வெறும் கல். நான் ஒன்று சொன்னால் அது இரண்டாகத் திருப்பிச் சொன்னது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியது போலிருந்தது. ஒரு சின்னப் பெண் கைதட்டினாள். அது எனக்கு இன்னும் வேகம் கொடுத்தது. வலது கையை உயர்த்தி, “எனக்கும் ஒரு மரியாதை இருக்கு!” என்று முழங்கினேன்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தார்.

“நோனா! நெகிட்டின்ன, நெகிட்டின்ன!” எழும்பச் சொல்கிறார். நான் எழும்பவில்லை. என் உரையை நிறுத்த அரசாங்கத்துக்கு என்ன உரிமை? அவர் அப்பாவிடம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கந்தோரில் வேலை பார்த்துச் சிங்களத்தில் தேர்ந்த என் அப்பா கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, என் காதருகே குனிந்தார்.

“பிள்ளை, எழும்பம்மா. அது ராசா காலத்து மூத்திரக் கல்லாம்.”

எழும்பிப் பார்த்தேன். கால் வைக்க இரண்டு தடம். நடுவில் ஒரு ஓட்டை. மேடையில் மூன்று மொழிகளிலும் விளக்கம் எழுதியிருந்தது. என் கால் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

மகேஸ் அன்ரிதான் முதலில் வாயைத் திறந்தார். “இவ்வளவு நேரமும் ஒரே மூச்சிலை எல்லோ கத்தினவ. நல்ல நெஞ்சுப் பலம்.” அம்மாவின் கையைப் பிடித்தார். “எங்களுக்குப் பூரண சம்மதம்.” பிறகு சுற்றிலும் பார்த்தார். “தம்பி எங்கை?”

அந்தத் ‘தம்பி’ குகனை இரண்டு காவலாளிகள் சேர்ந்து இறக்கினார்கள். ஒவ்வொரு படியாக, குந்திய நிலையிலேயே. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

திரும்பி வரும்போது வானில் அம்மாவும் சித்தியும் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் அப்பாவைப் பிடித்தேன். அவரும் தெரிந்துகொண்டே வந்ததுதான் எனக்குப் பெரிய வலி.

“நீங்களுமோ அப்பா?”

அவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். “நீ ஏறுவாய் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பொடியன் ஏறுவானோ எண்டு பாக்கத்தான் நான் வந்தனான்.”

இந்த இடத்தில் மகளுக்குக் கண் கலங்க வேண்டும். எனக்குக் கலங்கவில்லை. “அதுவும் எனக்குச் சொல்லாமல் செய்ததுதானே அப்பா” என்றேன். அவர், “ஓம், பிழைதான்” என்றார். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மறுநாளே அவர்தான் போன் பண்ணிச் சொன்னார்.

ஆனால் சித்தியை யார் தடுப்பது? நான் கை உயர்த்தி முழங்கிய கணத்தைப் படம் எடுத்திருந்தார். அது அடுத்த நாளே குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னர் அலுவலகத்தில் பழகி நானே தெரிவு செய்த, பாமன்கடைப் பகுதியில் இருந்த ஒருவர் பெண் கேட்டு வந்தபோது, அவர் தேத்தண்ணியில் வாய் வைக்கும் முன்பே சித்தி போனை நீட்டினார். கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், என் கணவராகிவிட்ட அவர் மிகவும் பணிவாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “இருந்து கதையுமன்” என்பார். பன்னிரண்டு வருடமாக யாரோடும் ஒரு சண்டையையும் நான் ஒழுங்காக முடித்ததில்லை.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து அதே கோட்டைக்குச் சுற்றுலா போனார்கள். வந்ததும் வராததுமாகப் போனைக் காட்டினாள். அந்தக் கல்லைச் சுற்றி இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். முன்னால் மும்மொழியில் ஒரு பலகை. என் கோபத்தால் இந்த நாட்டில் ஏற்பட்ட ஒரே மாற்றம் அதுதான் என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தமிழ் வரியைப் பெரிதாக்கி வாசித்தேன்.

‘இதில் அமற வேண்டம்.’

“இரண்டு சொல்லை ஒழுங்கா எழுதத் தெரியாதோ இவங்களுக்கு?” என்று எழும்பினேன்.

கணவர் கதிரையை இழுத்தார்.