சந்தனப் பொட்டு வைத்த பிளாப்பி

திருச்சி மாவட்டத்திலேயே காந்தத்தைப் பார்த்தால் பேயைப் பார்த்தவர் போல அலறுகிற ஒரே மனிதர் எங்கள் காட்டூர் டிரைவ் சார்தான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தார். சாமான் இறக்கியபோது பீரோவும் கட்டிலும் கடைசியில்தான் இறங்கின. அதற்கு முன் இறங்கியதெல்லாம் பிளாப்பி டிரைவ். ஒரு காலத்தில் டிவியோடு இணைத்து ஓட்டும் வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் எழுதியதையெல்லாம் அப்பளம் மாதிரியான பிளாப்பி என்ற ஒரு கறுப்பு வட்டில் சேமிப்பார்கள். அந்த வட்டைச் சுழற்றிப் படிக்கிற பெட்டிதான் டிரைவ். நண்பர்கள் வீட்டில் எது பழுதானாலும் சாரிடம் வந்துவிடும். அவர் சரிசெய்து வைத்தால், திரும்ப வாங்கிப் போகத்தான் யாரும் வருவதில்லை.

காந்தம் பட்டால் வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடுமாம். அதனால் அவர் வீட்டுக்குள் போகிறவர்கள் கைபேசியைச் செருப்போடு வாசலில் விட வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு அவர் வீட்டுச் சுவரோரம் ஸ்பீக்கர் கட்டினார்கள். சார் கோயில் கமிட்டியிடம் போய் மன்றாடினார். "ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்குங்க. அம்மன் பாட்டு எங்க கட்டினாலும் கேக்கும். என் டிஸ்க் போனா போனதுதாங்க" என்றார். கமிட்டிக்கு மனம் இளகியது. ஸ்பீக்கரை எங்கள் வீட்டு ஜன்னலுக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் முழுத் திருவிழாவும் என் படுக்கையறையில்தான் நடந்தது.

டிரைவ் மேல் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்வார். ஒன்றுக்குச் சளி, ஒன்றுக்கு மூட்டுவலி. உண்மையிலேயே மூட்டுவலி வந்தது அவர் மனைவி விஜயாக்காவுக்கு. மாடிப் படுக்கையறைக்கு ஏற முடியவில்லை. கீழே இருந்த ஒரே அறையிலோ தரையிலிருந்து கூரைவரை டிரைவ்கள்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மகள் சுதா வந்து பார்த்துவிட்டுக் கொதித்தாள். "இதுல ஒண்ணாவது ஓடுதாப்பா?" என்றாள். ஓடும் என்றார். சரி, விஜயதசமிக் காலையில் ஒன்றை ஓட்டிக் காட்டுங்கள், இல்லையென்றால் அத்தனையும் காயலான் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். சாமான் ஏற்றும் குட்டியானை வண்டிக்கும் அந்தக் காலைக்கே சொல்லி வைத்துவிட்டாள்.

சார் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். இருப்பதில் நல்ல டிரைவாக ஒன்றைத் துடைத்து, எண்ணெய் போட்டுத் தயார் செய்தார். ஓட்டிக்காட்ட ஒரே ஒரு வட்டை எடுத்து வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜையன்று டிரைவையும் வட்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். விஜயாக்கா பக்தியில் குறை வைக்காதவர். அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்கூட்டர் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். பிளாப்பியின் உறையில் நீளவாக்கில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. டிரைவ் படிப்பது அதன் வழியாகத்தான். விரல்கூடப் படக்கூடாத இடம். அக்கா கண்ணுக்கு அது பொட்டு வைக்கவே வெட்டி விட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது. தாராளமாகவே வைத்துவிட்டார்.

கற்பூரம் காட்டிய பிறகுதான் சார் பார்த்தார். வட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, அதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

"பூஜையில வச்சத இன்னிக்கே எடுப்பாங்களா? நாளைக்கு எடுத்துக்கங்க" என்றார் அக்கா.

சந்தனம் காய்ந்தால் வட்டோடு ஒட்டிவிடும் என்று சார் அன்று முழுக்க மின்விசிறியைப் போடவிடவில்லை. சுண்டல் வாங்கப் போன நாங்களெல்லாம் வியர்வையில் குளித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை, புனர்பூஜை முடிந்த கையோடு உறையைப் பிளேடால் கிழித்து வட்டை வெளியே எடுத்தார். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் தண்ணீரில், ஷேவிங் பிரஷால் அதற்கு ஒரு குளியல். கைக்குழந்தையை வாங்குவதுபோல நான் துண்டோடு நின்றேன். வாசலில் சுதா வந்து இறங்க, பின்னாலேயே குட்டியானை வந்து ஹாரன் அடித்தது.

வேறு உறைக்குள் வட்டை நுழைத்து, பழைய கம்ப்யூட்டரோடும் டிவியோடும் இணைத்திருந்த டிரைவில் போட்டார். சத்தமே இல்லை. சுதா வண்டிக்காரரைக் கூப்பிட வாயெடுத்தாள். சார் வட்டை எடுத்து, திரும்பவும் போட்டார். டிரைவ் இருமியது, முனகியது, பிறகு சுழன்றது. டிவியில் புள்ளிகள் தோன்றின. அவற்றைச் சுற்றி ஒரு கோடு மெல்ல வளைந்து வளைந்து சிக்குக் கோலம் ஆனது. அடியில் சுதாவின் பெயரும், ஏழாம் வகுப்பு என்றும் வந்தது.

"இது நான் எழுதுன புரோகிராம்ப்பா" என்றாள் சுதா.

"ஆமாம்மா. இது ஒண்ணுலதான் இருந்துச்சு" என்றார் சார்.

அவள் டிவியில் கோலத்தின் கோட்டு மேலேயே விரலை ஓட்டினாள். அப்புறம் வாசலுக்குப் போனாள். "அண்ணே, காயலான் கடைக்கு வேணாம். ஸ்ரீரங்கத்துக்கு விடுங்க. எங்க மாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்றாள்.

விஜயாக்கா இப்போது கீழறையில் நிம்மதியாகத் தூங்குகிறார். சார் தினமும் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போகிறார். டிரைவ்களைப் பார்த்துவிட்டு வருவதற்காகத்தான் என்று என்னிடம் சொல்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்பதால், நானும் அதை நம்பிவிடுகிறேன்.