கருவி நலம், முயலைப் பற்றித் தகவல் இல்லை

ஒரு காட்டில் தும்பை என்ற முயலுக்கு அநியாயம் நடந்தது. கால் சுளுக்கு என்று மருத்துவமனைக்குப் போனவளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். அதுவும் கறுப்பு. இப்படி ஆறு முறை. மூன்றாம் வாரம் தும்பையின் தொடையில் கையகலத்துக்கு முடி கொட்டி, தோல் சிவந்து, தொட்டாலே எரிந்தது. சுளுக்கு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

தும்பை புகார் கொடுக்கப் போனாள். புகார்ப் பிரிவில் இருந்தது ஓர் ஆமை.

"கருவிக்கு என்னம்மா ஆச்சு?"

"கருவிக்கு ஒண்ணும் ஆகலைங்க. எனக்குத்தான் ஆச்சு."

ஆமை படிவத்தைப் புரட்டிப் பார்த்தது. கருவியின் பெயர், கருவி வாங்கிய நாள், கருவிக்கு ஏற்பட்ட சேதம். அவ்வளவுதான்.

"உனக்கு ஆனதை எழுத இதுல கட்டமே இல்லையேம்மா."

"ஓரத்துல எழுதறேன்."

"ஓரத்துல எழுதினா படிக்க மாட்டாங்க."

"நடுவுல எழுதினா மட்டும் படிச்சிடுவாங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. தும்பை ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தாள்.

தன் தொடையோடு போயிருந்தால் அவள்கூட விட்டிருப்பாள். ஆனால் அவளுடைய தங்கை பிரண்டைக்கு ஒரு மாதமாக இருமல். நெஞ்சுப் படம் இல்லாமல் மருந்து எழுத முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை தேதி. அதே அறை, அதே கருவி. தொடைக்கே இந்தக் கதி என்றால் நெஞ்சுக்கு என்ன ஆகும்?

எக்ஸ்ரே அறையைக் கவனித்துக்கொண்டது சிகாமணி என்ற குரங்கு. தும்பை நேராக அதனிடம் போனாள்.

"அண்ணே, இந்தக் குமிழ்ல எலி, முயல், மான், யானைன்னு நாலு அளவு எழுதியிருக்கே. நீங்க ஏன் எல்லாருக்கும் யானையிலேயே வைக்கிறீங்க?"

"நான் எங்கம்மா வச்சேன்? திறப்பு விழாவுல நம்ம யானைத் தலைவருக்குத்தான் முதல் படம் எடுத்தோம். எடுத்த கையோட பூஜை. தலைவர் தன் தும்பிக்கையாலேயே குமிழ் மேல சந்தனம் குழைச்சு அப்பி, குங்குமம் வச்சார். அது காய்ஞ்சு இறுகிப்போச்சு. இப்ப திருப்பினா பொட்டு உடைஞ்சிடும்."

"உடையட்டுமே!"

"தலைவர் வச்ச பொட்டும்மா!"

"அப்ப எலி வந்தா?"

"எலிக்கும் யானை அளவுதான். இந்தக் காட்டுல யாருக்கும் பாகுபாடு கிடையாது."

இவ்வளவு பெருமையாகச் சொல்லப்பட்ட சமத்துவத்தை நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். தும்பையும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை வந்தது. புகாருக்குப் பதில் வரவில்லை. பிரண்டை இருமிக்கொண்டே மேசையில் ஏறிப் படுத்தாள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றபடி சிகாமணி கதிரைத் தடுக்கும் கனமான ஈய அங்கியை எடுத்து மாட்டியது.

"அண்ணே, ஒண்ணும் ஆகாதுன்னீங்க. நீங்க மட்டும் எதுக்குக் கவசம் போடறீங்க?" என்று கருவி அருகே நின்ற தும்பை கேட்டாள்.

"இது எங்க சீருடைம்மா" என்று சொல்லிவிட்டு, அங்கியின் முதுகுப் பட்டையைக் கட்ட முடியாமல் சிகாமணி தன்னையே சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த நேரம் தும்பைக்குப் போதுமானதாக இருந்தது. முயலுக்குப் பல் வேறு எதற்கு? கரகரவென்று பொட்டைக் கொறித்துத் துப்பினாள். குமிழை முயலுக்குத் திருப்பினாள்.

படம் முதல் தடவையிலேயே பளிச்சென்று விழுந்தது. "இன்னிக்குக் கருவிக்கு நல்ல மனசு" என்றது சிகாமணி. பிரண்டைக்கு நெஞ்சில் சளி. மருந்து எழுதினார்கள், இருமல் நின்றது. தும்பை மூன்று வாரம் தினமும் தங்கையின் நெஞ்சை ஊதி ஊதிப் பார்த்தாள். ஒரு முடிகூட உதிரவில்லை.

நாலாம் வாரம் விசாரணைக்கு ஒரு நாரை வந்தது. ஒற்றைக் காலில் நின்று கருவியை மேலும் கீழும் பார்த்தது.

"இப்ப சரியா இருக்குங்க ஐயா. நான்தான் பொட்டைக் கொறிச்சு..."

"சரியா இருக்கா? இருங்க, அதை முதல்ல எழுதிக்கறேன்."

"முழுசாக் கேளுங்க. அதுக்கு முன்னாடி..."

"முன்னாடி நடந்ததுக்கு நான் வரலைம்மா. இன்னிக்கு ஆய்வுக்குத்தான் வந்திருக்கேன்."

மறு வாரம் தும்பைக்குக் கடிதம் வந்தது.

'தங்கள் புகார் விசாரிக்கப்பட்டது. கருவி உரிய அளவில் உள்ளது. தங்கள் தங்கைக்கு அதே கருவியில் படம் எடுத்தும் முடி உதிரவில்லை. எனவே தாங்கள் கூறும் குறை இக்கருவியில் எக்காலத்திலும் இருந்ததில்லை என உறுதியாகிறது. தங்கள் முடி உதிர்ந்ததற்குக் கவலையே காரணம் எனக் கருதப்படுகிறது. புகார் முடித்துவைக்கப்பட்டது. கருவி நலம்.'

நீதி: ஆய்வாளர் வந்து பார்க்கும் வரை பழுதைச் சரிசெய்யாதீர்கள், பத்திரமாக இருப்பவர்களின் புகாரை யாரும் நம்புவதில்லை.