நிறுவனர் குடிபெயர்ந்தார்

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டில் சும்மா கிடந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உபகாரம் செய்யக் கிளம்பினால்தான் ஆபத்து.

மேனேஜர் கிளம்பிவிட்டார். மேனேஜர் என்பது பழைய பதவி. ஆபீஸ் அவரை விட்டுவிட்டது. பதவியை அவர் விடவில்லை. ஒரு நாள் காலை மனைவியின் தையல் மிஷினுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அறிவித்தார்: "உன் தொழிலை உலகத்துக்கே கொண்டு போகப் போறேன்."

அவள் பல்லில் குண்டூசியைக் கடித்தபடி ஜன்னல் திரை ஒன்றின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவள் திரை தைக்கிறாள். அவள் கை பட்ட திரை தரையைத் தொடாது, தரையை விட்டு விலகவும் விலகாது. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் சொத்து.

மேனேஜர் வீடியோ பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு வெப்சைட் கட்டினார். "முதல்ல நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே சோதனை. அப்புறம்தான் ஊரெல்லாம் பார்க்க வெளியில ஹோஸ்டிங்." அதாவது, அவர் மேஜையில் மட்டும் திறக்கும் கடை. ஒரே முதலாளி, ஒரே வாடிக்கையாளர், இரண்டும் அவரே. கூட்டம் தாங்கவில்லை.

துணிகளின் படம் ஏற்றுவது, அளவும் விலையும் அடிப்பது அவள் தலையில் விழுந்தது. "இதெல்லாம் கிளார்க் வேலை. என் பாஸ்வேர்டையே போட்டுக்க. உனக்கு எதுக்குத் தனிக் கணக்கு?"

அடித்துக்கொண்டே வந்தவள் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் நின்றாள். நிறுவனர் என்ற எழுத்துக்கு மேலே கோட் போட்ட மேனேஜர். கீழே பொடி எழுத்தில், 'தையல் உதவி: இல்லத்தரசி.'

"ஏங்க, நிறுவனர்னா யாரு?"

"ஆரம்பிச்சவர்."

"தையலை ஆரம்பிச்சது நீங்களா?"

"சைட்டை ஆரம்பிச்சது நான்தானே?"

"போன் நம்பரும் உங்களோடதா இருக்கு."

"கஸ்டமர்கிட்ட பேச ஒரு தோரணை வேணும். உனக்குப் பேச வராது."

"இத்தனை நாள் என்ன, ஜாடை காட்டியா வியாபாரம் பண்ணினேன்?"

அவர் தோரணையை அவள் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருந்தாள். பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது, அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் எடுத்தார். "ரெண்டே நாள்ல முடிச்சிடலாம் டாக்டர்!" அளவையும் அவரே வாங்கினார். அகலத்தை உயரம் என்றும், உயரத்தை அகலம் என்றும். அவள் ராத்திரி பகலாகத் தைத்துக் கொண்டுபோய் மாட்டினால், திரை ஜன்னலுக்குப் பாதியில் நின்றது, சின்னப் பையன் கால்சட்டை மாதிரி. "உங்க கை இப்படி இருக்காதேம்மா" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூட அவளுக்கு வலித்திருக்காது.

"உங்க படம் இருந்துட்டுப் போகட்டும். நம்பரை மட்டுமாவது மாத்துங்க."

"அதெல்லாம் டேட்டாபேஸ்ல ஆழமாப் பதிஞ்சிருக்கு. ஒண்ணைத் தொட்டா ஒம்பது சாயும். உனக்குப் புரியாது."

பக்கத்தின் ஓரத்தில் 'திருத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் கேட்டுத்தான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வேடிக்கை பார்க்க அவள் அண்ணனுக்கு அழைப்பு. மேனேஜர் சவரம், இஸ்திரி, சென்ட் என்று உள்ளே போனார்.

"ஏங்க, கடைசியா ஒருதரம் விலையெல்லாம் சரிபார்த்துடறேன்."

"பாரு, பாரு. கிளார்க் வேலைதானே!"

மணக்க மணக்க வந்து உட்கார்ந்தார். "இதுதான் டேட்டாபேஸ், மச்சான். கடையோட மூளை. என்ன சரக்கு, யார் முதலாளி, யாருக்கு என்ன அதிகாரம், எல்லாம் இதுக்குள்ள. அப்படியே மூட்டை கட்டி ஹோஸ்டிங்ல இறக்கணும்."

"கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பார்க்க வேண்டாமா, மாப்ளே?"

"நான் கட்டின வீடு. எனக்குத் தெரியாதா?"

ஹோஸ்டிங் கணக்கு மனைவி பேரில் இருந்தது. வருஷச் சந்தா அவள் சம்பாத்தியத்திலிருந்து போகட்டும் என்பதில் மட்டும் நிறுவனர் பெருந்தன்மையாக இருந்தார். உள்ளே நுழையும் ரகசிய எண் அவள் போனுக்குத்தான் வரும். வந்தது. வாசித்தாள். மேனேஜர் மூட்டையை இறக்கினார், கடையின் பழைய முகவரியை அழித்துப் புதுசை எழுதினார். முதலில் 'தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை' என்று வந்தது.

"கடை இன்னிக்கு லீவா?" என்றார் அண்ணன்.

மேனேஜர் போட்ட சென்ட் எல்லாம் வேர்வையில் கரைந்தது. ஒருவழியாகத் திறந்தது. அண்ணன் தன் போனில் பார்த்தார்.

"நிறுவனர்..." என்று ஆரம்பித்துத் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். "அட, நீயா!"

கத்தரிக்கோலும் கையுமாக அவள் படம். அவள் நம்பர். மேனேஜர் மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். கோட் நுனிகூட அகப்படவில்லை.

"வைரஸ்!" என்று அலறித் தன் பாஸ்வேர்டைப் போட்டார். உள்ளே விட்டது. ஆனால் அவர் பெயரை அவர் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கடையில் ஒரு துரும்பை அசைக்க முடியவில்லை.

"என்னடி இது?"

"பதறாதீங்க. உங்களுக்குத் தனிக் கணக்கு போட்டிருக்கேன்."

"ஹோஸ்டிங்குக்குள்ள போய் நானே மாத்தறேன். அந்த ரகசிய நம்பரைச் சொல்லு!"

"வரலையே." அவள் கையிலிருந்த போன் 'டிங்' என்றது. அண்ணன் மின்விசிறியை ரசித்தார்.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

"நீங்கதான். தினம் உட்கார வெச்சு வேலை வாங்கினீங்களே."

அதற்குள் போன் அடித்தது. "சொல்லுங்க... இல்லம்மா, ரெண்டு நாள்ல ஆகாது. நானே வந்து அளவெடுக்கிறேன்" என்றபடி அவள் டேப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மேனேஜர் விடுவாரா? பக்கத்தின் அடியில் வாசகர் கருத்து என்று ஒரு கட்டம் அகப்பட்டது. 'இந்தத் தளத்தைக் கட்டியவன் நான்' என்று ஓங்கி ஓங்கி அடித்து, அனுப்பினார்.

உடனே பதில் வந்தது: 'உங்கள் கருத்து உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது.'